முகவரி பார்த்துப் பெய்யும் மழை

மும்பையில் எவ்வளவு மழை என்று கேட்டால் வானிலைத் துறை எப்போதும் இரண்டு பதில்கள் சொல்லும். ஒன்று நகரின் தென்கோடியில் இருக்கும் கொலாபாவின் கணக்கு. மற்றது விமான நிலையத்தை ஒட்டிய சாந்தா குரூஸின் கணக்கு. இரண்டுக்கும் இடையே 25 கிலோ மீட்டர்கூட இல்லை. ஆனாலும் இவை ஒரே ஊரைப் பற்றித்தான் பேசுகின்றனவா என்று சந்தேகம் எழுந்த நாள் ஒன்று உண்டு. 2005 ஜூலை 26. அன்று 24 மணி நேரத்தில் சாந்தா குரூஸில் பெய்தது 944 மி.மீ. கொலாபாவில் வெறும் 73 மி.மீ.

வடக்கே மாடி பஸ்களின் கீழ்த்தளம் நீரில் மூழ்கியது. தெற்கே அது வழக்கமான ஜூலை மழை. நகரில் மட்டும் 400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். யார் பிழைத்தார்கள் என்பதைப் பெருமளவு தீர்மானித்தது அவர்கள் இருந்த முகவரி.

வெளியூர்க்காரர்கள் மும்பை மழை என்று ஒருமையில் பேசுகிறார்கள். சினிமாவில் அது காதலர்களுக்காகப் பெய்யும்; கடற்கரைச் சாலையில் அலை எழும்பி எல்லோரையும் சமமாக நனைக்கும். ஆனால் ஜூலை மாதத்தில் ஒரு பகல் முழுவதும் தெற்கிலிருந்து வடக்காகப் பயணம் செய்தால் வேறொன்று புலப்படும். மழை மட்டுமல்ல, சினிமா, சாப்பாடு, கைபேசியில் வரும் செய்தி என எல்லாமே இங்கே ஆளைப் பார்த்து, இருப்பிடத்தைப் பார்த்துத்தான் வந்து சேர்கின்றன. அப்படிப் பார்க்காத சில இடங்களும் மிச்சமிருக்கின்றன. அவற்றைத் தேடித்தான் இந்தப் பயணம்.

முதலில் காலா கோடா. இங்கே எஸ்பிளனேட் மேன்ஷன் என்று ஒரு கட்டடம். இங்கிலாந்தில் வார்த்த இரும்புத் தூண்களைக் கப்பலில் கொண்டுவந்து எழுப்பியது. ஒரு காலத்தில் வாட்சன் ஹோட்டல். 1896 ஜூலை 7இல் லூமியே சகோதரர்களின் சலனப் படங்கள் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது இங்கேதான். கட்டணம் ஒரு ரூபாய். அந்தக் காலத்தில் அது சாமானியன் கொடுக்கக்கூடிய தொகை அல்ல. ஒரு வாரம் கழித்து காட்சிகள் நாவல்டி தியேட்டருக்கு மாறின. அங்கே நாலணாவிலிருந்து இரண்டு ரூபாய் வரை பல வகுப்புகள். கோஷா பெண்களுக்குத் தனி இருக்கைகள். சினிமா இந்தியாவுக்கு வந்த ஏழே நாளில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

வாட்சன் ஹோட்டல் இன்று சிதிலமடைந்து நிற்கிறது. ஆபத்தான கட்டடம் என்று 2019இல் உள்ளே இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இரும்புச் சட்டங்களின் மேல் மழைநீர் வழிகிறது. எதிரே நின்று படம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் எடுப்பது தங்களைத்தான்.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் வெளிநாட்டுத் தொலைத் தொடர்புக்காகக் கட்டப்பட்ட விதேஷ் சஞ்சார் பவன். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் மும்பை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பைத் தொடங்கியது. அந்த நாட்களின் வேகம் வினாடிக்கு 9.6 கிலோபிட். ஒரு படம் முழுதாகத் திரையில் இறங்குவதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். ஆனாலும் ஒரு நம்பிக்கை இருந்தது: கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் கொலாபாவும் குர்லாவும் ஒன்று, எல்லோருக்கும் ஒரே உலகம்தான்.

இன்று மழை நாளில் ரயில் பெட்டியில் நிற்கும் அனைவர் கையிலும் இன்டர்நெட் இருக்கிறது. ஒருவர் ராடார் படத்தில் தன் பேட்டைக்கு மேலே உள்ள மேகத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கிறார். இன்னொருவர் கடல் ஏற்ற நேரத்தைப் பார்க்கிறார். கடல் 4.5 மீட்டருக்கு மேல் எழும் வேளையில் கனமழையும் சேர்ந்தால் வடிகால் நீர் கடலுக்குள் போக முடியாது என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மூன்றாமவருக்குத் தண்டவாளம் மூழ்கிய படம் ஒன்று வந்திருக்கிறது. அது ஏதோ பழைய வெள்ளத்தின் படம்; ஒவ்வொரு ஜூலையிலும் 'இன்று காலை' என்ற குறிப்போடு புதிதாகப் பிறக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்காகக் கட்டப்பட்டவை, அதை 50 ஆக உயர்த்தும் திட்டத்துக்கான அறிக்கை 1993இலேயே தயாராகிவிட்டது, 2005 வெள்ளத்துக்குப் பிறகுதான் வேலை சூடுபிடித்தது. இந்தச் செய்தியை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை.

கோட்டைப் பகுதியிலிருந்து மும்பை சென்ட்ரல் போக ஒரு டாக்சி. ஓட்டுநர் தாராவியில் பிறந்தவர், பூர்வீகம் திருநெல்வேலி. தமிழ் என்று தெரிந்ததும் பேச்சு தானாக 2005க்குப் போனது. "அன்னிக்கு சாயங்காலம் கொலாபாவுல சவாரிய இறக்கிட்டு நிக்கேன் சார். அங்க ஜனங்க குடையப் பிடிச்சிட்டு நடந்து போறாங்க. எங்க வீட்டுல பிள்ளைகளப் பரண் மேல ஏத்தி வச்சிருக்காங்க. போனும் கிடைக்கல. மறுநாள்தான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ரெண்டும் ஒரே ஊருன்னு எப்படிச் சார் சொல்றது?" பதில் சொல்வதற்குள் தியேட்டர் வந்துவிட்டது.

மராத்தா மந்திர் 1958இல் திறக்கப்பட்டது. 1960இல் 'முகலே ஆஸம்' முதன்முதலில் திரையிடப்பட்டது இங்கேதான். இப்போது அதன் புகழ் வேறு. 1995 அக்டோபர் 20இல் வெளியான 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' இங்கே பகல் காட்சியாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2014 டிசம்பரில் 1000 வாரம். 2015 பிப்ரவரியில் நிறுத்திவிடுவதாக அறிவித்தார்கள், ரசிகர்கள் விடவில்லை. கொரோனா காலத்தில் தியேட்டர்கள் மூடியிருந்தபோது மட்டும் இடைவெளி. 2025 அக்டோபரில் 30 ஆண்டுகள் நிறைந்துவிட்டன. இன்டர்நெட் இந்தியாவுக்கு வந்ததும் பம்பாய் மும்பையானதும் இந்தப் படம் வந்ததும் ஒரே ஆண்டில். மூன்றில் இந்தப் படம் மட்டும்தான் அன்று இருந்தபடியே இருக்கிறது.

படத்தின் கதை லண்டனில் வாழும் வசதியான பஞ்சாபிக் குடும்பங்களைப் பற்றியது. பார்ப்பவர்கள் வேறு ஆட்கள். எதிரே ரயில் நிலையம், பக்கத்தில் பஸ் டெப்போ. அடுத்த வண்டிக்கு நேரம் இருப்பவர்கள், இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள், வேலை தேடி வந்த பையன்கள், ஒதுங்க வேறு இடமில்லாத ஜோடிகள். கடுகுப் பூ வயல் வரும்போது கைதட்டல். வசனத்தைத் திரைக்கு முன்பே சொல்லிவிடும் குரல்கள். டிக்கெட் விலை மால் தியேட்டரில் விற்கும் ஒரு பொட்டலம் சோளப்பொரியின் விலைகூட இல்லை. இந்தப் படம் கைபேசியிலும் கிடைக்கிறது. அப்படியும் வருகிறார்கள் என்றால் காரணம் படம் மட்டுமல்ல. மூன்று மணி நேரம் காய்ந்த இருக்கை, மின்விசிறி, முன்பின் தெரியாத நூறு பேரோடு சேர்ந்து சிரிக்கும் வசதி. நீ யார், எங்கே இருக்கிறாய் என்று கேட்காத இருட்டு.

இடைவேளையில் கிளம்பிவிட்டோம். உடன் வந்த நண்பருக்குப் பசி. மாட்டுங்கா ரோடு நிலையத்தில் இறங்கி, இரண்டு ரயில் பாதைகளையும் கடந்து செல்லும் வளைந்த நடைமேம்பாலத்தில் ஏறினால் கிழக்கே தமிழர்களும் கன்னடர்களும் மலையாளிகளும் குஜராத்திகளும் நெடுங்காலமாகச் சேர்ந்து வாழும் மாட்டுங்கா. பூக்கடை, காபிக்கொட்டை வாசனை. மாட்டுங்கா நிலையத்தை ஒட்டி, 1942இல் தொடங்கப்பட்ட ராம நாயக்கின் உடுப்பி ஹோட்டல். வாழை இலைச் சாப்பாடு. எந்த இருக்கை காலியோ அங்கே உட்கார வேண்டும். எங்கள் மேசையில் ஒரு வங்கி ஊழியரும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியும் ஏற்கெனவே பாதி சாப்பிட்டிருந்தார்கள்.

நண்பர் மூன்று ஆண்டுகளாகப் பால், தயிர், நெய் தொடாதவர். "அண்ணா, நெய் வேண்டாம், மோர் வேண்டாம்" என்றார். பரிமாறுபவர் யோசித்தார். "விரதமா?" இல்லை. "டாக்டர் சொன்னாரா?" அதுவும் இல்லை. மாட்டிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை என்று நண்பர் விளக்கியதும், "சரி, அப்போ ரசம் இன்னும் கொஞ்சம் விடட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். உணவுக் கொள்கை விவாதம் இவ்வளவு நாகரிகமாக முடிந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

'வீகன்' என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் பிறந்தது. தமிழில் அதை நனிசைவம் என்கிறார்கள். நனி என்றால் மிகுதி; சைவத்திலும் மிகுந்த சைவம். நல்ல சொல்தான். ஆனால் மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு ஓர் உறுத்தல் உண்டு. ஒரு சமயத்தின் பெயரையே உணவுக்கும் வைத்துக்கொண்ட மொழி நம்முடையது. அதன் மேல் ஒரு 'மிகுதி'யையும் ஏற்றினால், சாப்பிடும் விஷயத்தில் ஒருவர் செய்த தேர்வு, பிறரைவிட ஒருபடி உயர்ந்த ஆசாரம்போல ஒலிக்கத் தொடங்குகிறது.

மும்பையில் இந்தக் குழப்பம் வேடிக்கையாகவும் இருக்கும். ஜைனர்கள் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு சாப்பிடமாட்டார்கள். பால், நெய் உண்டு. நண்பருக்கு வெங்காயம் உண்டு; பால் கிடையாது. இருவரும் சேர்ந்து சாப்பிட வேண்டுமென்றால் உருளைக்குப் பதில் வாழைக்காய் போட்ட பாவ்பாஜியை வெண்ணெய் இல்லாமல் கேட்கலாம். நனிசைவ உணவுக்கென்று 2022இல் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிகளும் பச்சை முத்திரையும் கொண்டுவந்தது. பாந்த்ராவில் ஓட்ஸ் பால் காபி விற்கும் கடைகள் இருக்கின்றன. ஆனால் ரயில் நிலைய வாசலில் வெண்ணெய் தடவாமல் தரும் வடாபாவ், வேர்க்கடலைப் பூண்டுப் பொடி, கட்டிங் சாய்க்கு முன்னால் ஒரு தட்டு வெங்காய பஜ்ஜி என்று கூலி ஆட்கள் மதியம் சாப்பிடுவது பெரும்பாலும் இதே உணவைத்தான். அதற்கு முத்திரையும் இல்லை, பெயரும் இல்லை.

பெயர் வந்ததும் வாசல் வருகிறது. உடுப்பி ஹோட்டலில் உன் வீட்டில் என்ன சமைப்பாய் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் இதே நகரத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறவரிடம் தரகர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று. மீன் வாசனை பல குடியிருப்புகளின் படியேற முடியாது. மீனவர்களின் கோலிவாடாக்களிலிருந்து வளர்ந்த ஊர் இது. கேட்பவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். சென்னையில் 'சைவம் மட்டும்' என்ற பலகையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. 2023இல் பவாயில் உள்ள ஐ.ஐ.டி. விடுதி உணவுக்கூடத்தில் ஆறு மேசைகள் சைவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டன. எதிர்ப்புத் தெரிவித்த மாணவர் ஒருவருக்கு 10,000 ரூபாய் அபராதம். பக்கத்தில் இருப்பவரின் தட்டைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை என்று உயர்கல்வி நிறுவனமே சொல்லித் தந்தால், வீட்டுத் தரகர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

என் நண்பரின் கவலை இன்னும் நேரடியானது. "நான் ஒரு மாட்டை நினைத்துப் பாலை விட்டேன். இப்போது அந்தச் சொல்லை வைத்து எனக்கு வீடு தருகிறார்கள். அடுத்தவருக்கு அதே வீட்டை மறுக்கிறார்கள்." விமான நிலையத்தை ஒட்டி அவர் குடியிருக்கும் கட்டடத்தில் இரண்டாவது மாடி. கீழ்த்தளத்துச் சுவரில் 2005 வெள்ளத்தின் கோடு இருந்தது என்றும், வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள் என்றும் காவலாளி சொன்னாராம்.

மழை தன் முகவரிப் புத்தகத்தை அவ்வப்போது மாற்றிக்கொள்ளவும் செய்யும். 2025இல் பருவமழை மே 26ஆம் தேதியே மும்பைக்கு வந்துவிட்டது. வழக்கமான நாள் ஜூன் 11. 1950க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. அந்த மே மாதத்தில் கொலாபாவில் பதிவான மழை, 1918ஆம் ஆண்டின் சாதனையை முறியடித்தது. 2005இல் தப்பித்த தெற்கு இம்முறை தப்பவில்லை. திறந்து மூன்று வாரம்கூட ஆகாத வொர்லி பாதாள மெட்ரோ நிலையத்துக்குள் சேற்று நீர் இறங்கியது.

மாலையில் மழை நின்றிருந்தது. ரயிலில் ஒருவர் படித்துக்கொண்டிருந்த மராத்தி நாளிதழில் வழக்கமான சிறிய பெட்டிச் செய்தி: ஏரிகளின் நீர்மட்டம். மும்பைக்குக் குடிநீர் தருபவை ஏழு ஏரிகள். விஹார், துள்சி இரண்டும் நகருக்குள். மற்ற ஐந்தும் தொலைவில். மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ பாதியைத் தருவது பாத்ஸா அணை மட்டுமே. நகரில் எவ்வளவு கொட்டினாலும் அங்கே பெய்யாவிட்டால் கொலாபாவிலும் தாராவியிலும் குழாயில் காற்றுதான் வரும். முகவரி பார்க்காத மழை என்று மும்பைக்கு ஒன்று இருக்குமானால், அது மும்பையில் பெய்வதில்லை.

அந்த அணைகளை ஒட்டிய ஷாஹாபூர் வட்டத்தின் ஆதிவாசிக் கிராமங்களில் ஒவ்வொரு கோடையிலும் பெண்கள் குடத்தோடு டேங்கர் லாரிக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் ஊரில் பெய்த மழை குழாய் வழியாக நகரத்துக்கு வந்துவிட்டது. நாங்கள் மதியம் குடித்த ரசத்திலும் அது இருந்தது.