வேலூருக்கு முன் திண்டிவனம்

சென்னையிலிருந்து திருச்சி போகிற வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் திண்டிவனம் ஊருக்குள் வருவதில்லை. மேம்பாலத்துக்கு அடியில் ஆளை இறக்கிவிட்டுப் போய்விடும். புதுச்சேரிக்கு ஒரு சாலை, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஒன்று, வந்தவாசிக்கு ஒன்று, மரக்காணத்துக்கு ஒன்று. இப்படி எல்லாத் திசைக்கும் வழி பிரிகிற ஊர் என்பதால், திண்டிவனம் என்றாலே பலருக்கும் வண்டி மாறுகிற இடம்தான்.

பழைய தென்னார்க்காட்டில் இருந்தோம். 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறோம். ஆட்சி வரலாறு இவ்வளவு போதும். ஊருக்கு அதைவிடப் பழைய பெருமை உண்டு. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாட்டின் கிடங்கில்தான் இன்று ஊரோடு ஒட்டிக் கிடக்கும் கிடங்கல். திந்திரிணீஸ்வரர் கோயிலைச் சுற்றித்தான் பழைய ஊர். சுற்றுப்பட்டு மானாவாரி நிலமெல்லாம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. இங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-ல் வெளியிட்ட டி.எம்.வி. 2 ரகம் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல தலைமுறை விளைந்தது. அந்த மூன்றெழுத்து எங்கள் ஊர்ப் பெயரின் சுருக்கம் என்று அதை விதைத்தவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

ஆனால் இந்த ஊரில் முளைத்து வெளியூரில் விளைந்தவற்றில் பெரியது வேறொன்று.

1819-ல் அமெரிக்காவிலிருந்து டாக்டர் ஜான் ஸ்கடர் தம் மனைவி ஹேரியட்டுடன் கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு வந்தார். அவர் பிள்ளைகள் 1853-ல் தொடங்கியதுதான் அமெரிக்க ஆற்காடு மிஷன். தகப்பனின் பெயரையே கொண்ட மகன் ஜானும் மருத்துவர். மணந்தது சோஃபியா வெல்டை. மகள் ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தாள். வட ஆற்காடு, தென்னார்க்காடு ஊர்களில் மாறி மாறி வேலை பார்த்த அந்தத் தம்பதி, 1890 வாக்கில் திண்டிவனம் பங்களாவில் இருந்தார்கள். ஜான் மருத்துவமும் பிரசங்கமுமாக ஊர் ஊராகச் சுற்றினார். சோஃபியா உடம்புக்கு முடியாமல் படுத்தபோதுதான், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஐடாவை உதவிக்கு அழைத்தார்கள்.

ஐடாவுக்கு இங்கே தங்க விருப்பமில்லை. பெரிய குடும்பத்தில் எல்லோரும் மிஷனரிகள். தான் மட்டும் அப்படி ஆகப்போவதில்லை என்பதே அவள் தீர்மானம். அம்மாவுக்குச் சரியானதும் கிளம்பிவிடலாம் என்றிருந்தாள்.

அப்படி இருந்த நாளில் ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. வந்தவர் ஒரு பிராமண இளைஞர். மனைவி பிரசவ வேதனையில் கிடக்கிறாள். மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஐடா தன் அப்பாவை அழைத்துப் போகச் சொன்னாள். வேற்று ஆண் தன் மனைவியைப் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்று அவர் திரும்பிவிட்டார். அதே இரவில் இரண்டாவதாக ஒரு முஸ்லிம் வந்தார். மூன்றாவதாக இன்னொரு உயர்சாதி இந்து வந்தார். மூவரும் ஒரே வேண்டுகோளோடு வந்து, ஒரே காரணத்தால் வெறுங்கையோடு போனார்கள். வீட்டில் கைதேர்ந்த மருத்துவர் இருந்தும் பயனில்லை; மகளுக்கு மருத்துவம் தெரியாது. விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

டாக்டருக்குப் படிக்கப் போவதாக ஐடா தாய் தகப்பனிடம் சொன்னது இந்த ஊரில், அதற்குப் பிறகுதான். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஐடாவின் கதையை எங்கே கேட்டாலும் திண்டிவனம் ஒரு வரியில் கடந்துபோகிறது; பெயர் தெரியாத அந்த மூன்று பெண்கள் இந்த ஊர்த் தெருக்களில் நடந்தவர்கள், யாருக்கோ மகள்கள். அவர்கள் சாவுதான் ஐடாவை மருத்துவப் படிப்புக்கு இழுத்தது.

1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு வேலூர் வந்து சேர்ந்தாள். அதே ஆண்டில் தகப்பனார் இறந்தார். வழிகாட்ட மூத்த மருத்துவர் இல்லாமல், பங்களாவின் சிறிய அறை ஒன்றில் தொடங்கினாள். 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. 1909-ல் செவிலியர் பள்ளி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் வளர்ந்து இன்றைய வேலூர் சி.எம்.சி. நோஞ்சான் என்று கருதப்பட்ட சோஃபியா கணவர் போன பின்னும் மகளோடு வேலூரிலேயே இருந்து, மருத்துவப் பள்ளியின் முதல் அணி மாணவிகள் படித்து முடித்ததையும் பார்த்துவிட்டு, 1925-ல்தான் கண்மூடினார். ஐடா 1960 வரை வாழ்ந்தார்.

இன்னொன்றும் உண்டு. 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஊர் இங்கே பக்கத்தில்தான். அவர் பெயர் தாங்கிய தோட்டத்தில் 2014 முதல் பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனை நடக்கிறது. அது இருப்பது சென்னை அண்ணா சாலையில்.

ஆக, நாட்டுக்கே தெரிந்த இரண்டு மருத்துவமனைகளுக்கு எங்கள் மண்ணோடு உறவு. எங்களுக்கு? கொஞ்சம் சிக்கலான நோய் என்றால் உடனே முண்டியம்பாக்கத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோதான் ஓடவேண்டியிருக்கிறது. முண்டியம்பாக்கத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்தது நல்லதுதான். அதைக் காரணம் காட்டியே திண்டிவனத்தைப் பின்னுக்குத் தள்ளக்கூடாது. மூன்று தாலுகா மக்கள் வந்துபோகிற ஊர் இது. தேசிய நெடுஞ்சாலையில் விபத்து என்றால் முதலில் தூக்கி வருவதும் இங்கேதான். இரவு பகல் எந்நேரமும் சிறப்பு மருத்துவர்கள் இங்கேயே இருக்கவேண்டும் என்று கேட்பது அதிகமா?

வேலூருக்கே போகலாம் என்றால், கையில் ஸ்கேன் உறையோடு வந்தவாசி, ஆரணி வழியாகப் பேருந்தில் குலுங்க வேண்டும். திண்டிவனம்–நகரி ரயில் பாதைக்கு 2006-07-ல் ஒப்புதல் கிடைத்தது. செய்யாறு, ஆற்காடு, ராணிப்பேட்டை என்று நோயாளிகள் போகிற அதே திசையில் போகவேண்டிய பாதை. செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் பாதையும் அதே காலத்தில் அறிவித்ததுதான். இரண்டிலும் திண்டிவனத்திலிருந்து இன்னும் ஒரு ரயில் கிளம்பவில்லை. தேர்தல் வந்தால் பேச்சு வருகிறது, நிதிநிலை அறிக்கை வந்தால் சொற்பத் தொகை வருகிறது, நிலம் எடுப்பதில் தாமதம் என்ற பதில் வருகிறது. அப்போது பிறந்த பிள்ளைகள் இப்போது வாக்காளர் பட்டியலுக்கே வந்துவிட்டார்கள்.