பாட்டுத் தேடி நடந்த ஆசிரியர்

டென்மார்க்கின் யூலண்ட் பகுதியில், நம்மவர்கள் பலர் வாழும் ஹேர்ணிங் நகருக்கு அருகே உள்ளது கெல்லறூப். 1140ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட கருங்கல் தேவாலயத்தைப் பார்க்கவே நாங்கள் அங்கு சென்றோம். ஆனால் எம் மனதில் நின்றவர், 1866 முதல் இவ்வூரில் படிப்பித்த எவல்ட் டாங் கிறிஸ்டென்சன் என்ற ஆசிரியர்.

அக்காலத்தில் சுற்றுப்புறம் பெரும்பாலும் பற்றை படர்ந்த மணற்தரை. குளிர்கால இரவுகளில் ஏழைகள் ஒரு வீட்டில் கூடி, கம்பளிக் காலுறை பின்னியபடி பாடும் வழக்கம் இருந்தது. அவர்களின் பாடல்களை 1867 இறுதியில் எழுதத் தொடங்கிய இவர், யூலண்ட் எங்கும் நடந்து திரிந்து சுமார் 3000 பாடல்களையும் 1000 மெட்டுகளையும் சேர்த்தார். மெட்டுகள் பிழையென்று இசை கற்றவர்கள் குறைகூறினர். அவர் திருத்தவில்லை, பாடியபடியே எழுதினார். 1922இல் இசையமைப்பாளர் பேர்சி கிரெய்ஞ்சர் அவரோடு சென்று மெழுகு உருளைகளில் கிராமத்தவர் குரல்களைப் பதிவுசெய்தார். அவர் எழுதியதே சரி என்பது அப்போது தெரிந்தது.

எமது வீடுகளிலும் தாலாட்டும் அரிவிவெட்டுப் பாட்டும் கூத்துப்பாட்டும் தெரிந்த அம்மம்மாக்கள், அப்பப்பாக்கள் இருக்கிறார்கள். கைத்தொலைபேசி ஒன்றே போதும். அவர்கள் பாடுகிறபடியே பதிவுசெய்வோம், திருத்த வேண்டாம். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்வோம்.