விக்ரம்: ஏடும் திரையும்

சுஜாதாவின் 'விக்ரம்' குமுதத்தில் தொடராக வந்தது. 1986இல் கமல்ஹாசன் நடிக்கத் திரைப்படமாகவும் வெளிவந்தது. களவுபோன ஏவுகணையைத் தேடிச் செல்லும் உளவாளியின் கதை. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றியவர் எழுதியது என்பதால் இவ்வூர்த் தமிழருக்கு அதன்மேல் தனிப் பாசம்.

அண்மையில் பொம்மனஹள்ளி இல்லத்தில் மகளோடு அப்படத்தைக் கண்டேன். இளையராஜாவின் இசையும் சலாமியா அரசவையின் வேடிக்கையும் அவளைக் கவர்ந்தன. நாவலை நீட்டினேன். "எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதேப்பா" என்றாள். நெஞ்சம் சுருக்கென்றது.

திரைக்குச் செவித்தமிழ் போதும். பாட்டும் சண்டையும் அங்கே நிறைவு. இரண்டே சொற்களில் ஒரு காட்சியை முடித்து நகைக்கவும் வைக்கும் சுஜாதாவின் சுருக்கமோ, எழுத்தறிந்தவருக்கே கிட்டும்.

இப்போது இரவுதோறும் ஒரு பக்கம் நான் படிக்கிறேன்; ஒரு வரியை அவள் எழுத்துக்கூட்டுகிறாள். உளவாளி மெல்லத்தான் நகர்கிறான், நகர்கிறான்.