அருகருகே இரு படங்கள்

காப்பார் மின்நிலையத்துச் சாம்பற்குளங்களுக்கு வரும் கரைப்பறவைகளைப் பற்றித் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு கையேடு தொகுத்துவரும் என் அண்ணன் மகள், நேற்றிரவு மடிக்கணினியை என் முன் வைத்து, “சித்தப்பா, இந்த ரெண்டு படமும் பக்கத்துல பக்கத்துல நிக்கவே மாட்டேங்குது” என்றாள்.

கடல் வற்றியபோது சேற்றுவெளியில் இரை தேடும் பறவைகள் ஒன்றில்.
கடல் பெருகியபோது அவை குளத்தில் ஒதுங்கி நிற்பது மற்றொன்றில்.

இவை ஒருசேரக் கண்ணிற் பட்டாலன்றி, நீர் ஏறுவதனாலேயே பறவைகள் இடம் பெயர்கின்றன என்னும் காரண காரிய சம்பந்தம் பிள்ளைகளுக்குப் பிரத்தியட்சமாகாது.

லேடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் படங்களை அருகருகே நிறுத்துவதற்கு உபாயம் எளிது.

சப்கேப்ஷன் தொகுப்பை அழைத்து, ஒவ்வொரு படத்துக்கும் வரியகலத்தில் 0.48 பங்கு கொடுத்து, இரண்டுக்கும் நடுவே வெற்றுவரி விடாதிருத்தல் வேண்டும். வெற்றுவரியைப் புதிய பத்தியாகக் கொள்வது லேடெக்கின் சுபாவமாதலால், இரண்டாம் படம் கீழே இறங்கிவிடும்.

விளக்கங்களுள் ஒன்று குறுகியும் மற்றது நீண்டும் இருப்பின், மேல்மட்டச் சீரமைப்பைக் கேட்டால் இரண்டும் ஒரே மட்டத்தில் தொடங்கும். எனக்கு மிகவும் பிரியமான நுட்பம் இது.

வரிசைக்குறி மட்டும் இயல்பாக ஆங்கில எழுத்திலேயே வருகிறது. அதை ‘அ’, ‘ஆ’ என மாற்றுவதற்குத் தனிக் கட்டளை எழுதினோம்.

பொது விளக்கம் படங்களுக்கு மேலா, கீழா என்பது இன்னும் தீரவில்லை. வகுப்பில் கற்பிக்கும் நண்பர்களே, பிள்ளைகளின் கண் முதலில் எங்கே செல்கிறது?