இரண்டே நாளில் போன வலி

என் நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர்களில் பாதிப் பேர் பாட்டு கேட்பார்கள். மீதிப் பேரிடம் பேச்சு எப்படியும் முட்டி வலிக்கு வந்துவிடும். ஒருவர் முடக்கத்தான் தோசை என்பார், இன்னொருவர் மஞ்சள் மாத்திரை, மற்றவர் குளுக்கோசமின்.

எங்கள் வீட்டில் மூன்றுமே உண்டு. அம்மாவுக்கு 63 வயது, மூட்டுத் தேய்மானம். குளுக்கோசமின்தான் விலை அதிகம். ஆனால், 2006இல் வெளிவந்த, 1,583 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், மொத்தத்தில் அது வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக உதவவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் வலியை ஓரளவு குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையைத் தொடக்கூடாது. முடக்கத்தான் தோசை ருசியாக இருக்கும். அதற்குமேல் நான் வாதாட மாட்டேன்.

போன வருடம் அம்மா திடீரென்று மாடிப்படி ஏற ஆரம்பித்தார். பசார் மாலாமில் வாங்கிய ‘மூலிகை’ மாத்திரையாம். “ரெண்டே நாள்ல வலி போச்சுய்யா!” எனக்கு வயிற்றைக் கலக்கியது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் பதிவு எண் இல்லை, ஹாலோகிராம் ஸ்டிக்கரும் இல்லை. வானொலியில் நாங்கள் மருந்து விளம்பரம் வாசிக்கவே அனுமதி எண் வேண்டும். பசார் மாலாம் ஒலிபெருக்கிக்காரருக்கு அந்தக் கவலை ஏது?

இப்படிப் பதிவில்லாத மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. வலி சட்டென்று அடங்கும். தொடர்ந்து விழுங்கினால் முகம் உப்பும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு மெலியும். வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும்.

அம்மா ஆறு வாரமாகச் சாப்பிட்டிருந்தார். டப்பாவோடு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அதுவரை இல்லாத சர்க்கரை ஏறியிருந்தது. படிப்படியாகக் குறைக்க மருத்துவர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வலி திரும்பியதும் அம்மா என்னோடு மூன்று நாள் பேசவில்லை. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குகிறார், காலையில் தாமான் திடலில் நடக்கிறார். வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, மெதுவாகத்தான்.

அம்மா சொல்லி அதே மாத்திரையை வாங்கிய பக்கத்து வீட்டு அத்தைதான் கிளினிக்குக்கு வர மறுக்கிறார். அவருக்குத்தான் வலியே இல்லையாமே.