காத்தைக் கொஞ்சம் எறக்குங்க சார்!

டி.வி.யில் அந்த விளம்பரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆளரவமில்லாத கடற்கரை. ஒரு ஜீப் மணலை வாரியிறைத்துக்கொண்டு பறக்கிறது. உள்ளே கூலிங் கிளாஸ் போட்ட ஒருத்தர், பக்கத்தில் முடி பறக்கச் சிரிக்கும் ஒரு பெண். முப்பது செகண்டில் முடிந்துவிடும். முப்பத்தோராவது செகண்டில் என்ன ஆகும் என்று எந்தக் கம்பெனியும் காட்டுவதில்லை. நான் பார்த்திருக்கிறேன். சொல்கிறேன், கேளுங்கள். சனி, ஞாயிறு வந்தால் ஈ.சி.ஆரில் வண்டியைக் கிளப்பிவிடும் ஆசாமி நீங்கள் என்றால், கட்டாயம் கேளுங்கள்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற சாலையில், பாகூர் கொம்யூனுக்குள், கிழக்கே திரும்பினால் கடலோர ஊர்கள் வரும். நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம்... (கொம்யூன் என்பது பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வார்த்தை. நம்மூர் பஞ்சாயத்து யூனியன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.) சவுக்குத் தோப்பைத் தாண்டினால் கடல். நகரத்தின் கடற்கரையில் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். இங்கே இன்னும் மணல் இருக்கிறது. அதுதான் இந்த ஊர்களின் அழகு. ஜீப்காரர்களுக்கு அதுதான் வினை.

தை மாதம். ஆற்றுத் திருவிழா முடிந்த மறு வாரம். நண்பர் ஒருவர் புதிதாக ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வாங்கியிருந்தார். இன்னும் 58 மாத இ.எம்.ஐ. பாக்கி. வண்டியில் அவர், அவர் மனைவி, எழுபத்தைந்து வயது அம்மா, நான். அம்மாவுக்கு முட்டி வலி. மணலில் நடக்க முடியாது. "கடல் பக்கத்துலயே கொண்டுபோய் விடறேம்மா" என்று நண்பர் ஜீப்பைத் தோப்பிலிருந்து மணலில் இறக்கினார். ஐம்பது அடி அருமையாகப் போனது. ஐம்பத்தோராவது அடியில் வண்டி பெருமூச்சு விட்டு நின்றது.

நண்பர் செய்ததைத்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வார்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்தார். சக்கரம் சுற்றியது, மணல் பின்னால் பீறிட்டது, வண்டி முன்னால் போவதற்குப் பதில் கீழே போனது. இன்னும் மிதித்தார். இன்னும் கீழே. நாலாவது மிதியில் வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. இருபது அடி தள்ளி அலை. வாடைக்காற்று வேறு. மணி நாலே முக்கால்.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஐந்தாறு பேர் நிதானமாக எழுந்து வந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"சார், மொதல்ல ஆக்ஸிலேட்டர்லேந்து காலை எடுங்க. நீங்க மிதிக்க மிதிக்க அது கெணறு வெட்டுது."

நண்பர் தயங்கி, "அண்ணே, டிராக்டர் எதாவது..." என்று இழுத்தார். படகுகளைக் கரையேற்ற டிராக்டர் வைத்திருக்கிறார்களே!

"டிராக்டர் இருக்குது. டிரைவர்தான் கடலூர் போயிருக்கான். வர ஏழு மணி ஆவும். அதுக்குள்ள கடல் ஏறிக்கும். நாமளே பாத்துக்கலாம். அம்மாவ எறக்குங்க. அப்புறம் டயர்ல காத்தைக் கொஞ்சம் எறக்குங்க சார்."

நண்பருக்கு அது பிடிக்கவில்லை. வண்டி மாட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் டயரையும் பஞ்சராக்கச் சொல்கிறாரே என்று அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் அந்த மனிதர் சொன்னது சுத்தமான பௌதிகம். சின்னக் கணக்குதான், பயப்படாதீர்கள். ஜீப்பின் எடை சுமார் 1,700 கிலோ என்று வையுங்கள். ஒரு சக்கரத்தின் பங்கு 425 கிலோ. டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அது தரையை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ வீதம் அழுத்தும். அப்படியானால் ஒவ்வொரு சக்கரமும் தரையைத் தொடுகிற இடம் சுமார் 200 சதுர சென்டிமீட்டர். ஒன்றரை போஸ்ட் கார்டு! அந்த ஒன்றரை கார்டின் மேல்தான் 425 கிலோ நிற்கிறது. தார்ச்சாலை தாங்கும். மணல் தாங்காது. காற்றைப் பாதியாக, 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால், டயர் சப்பையாகி, கணக்குப்படி மூன்று போஸ்ட் கார்டு இடத்தில் பரவும். அதுவும் முக்கியமாக நீளவாக்கில். அழுத்தம் பாதியாகிவிடும். ஒட்டகத்தின் பாதம் ஏன் அப்பளம் மாதிரி பரந்திருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

இன்னொன்று. மணல் எல்லாம் ஒரே மணல் இல்லை. சற்றே ஈரமான மணலில் துகள்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருந்து ஒன்றோடொன்றைப் பிடித்துக்கொள்ளும். குழந்தைகள் மணல் வீடு கட்டுவது அந்தத் தைரியத்தில்தான். மேட்டில் இருக்கும் காய்ந்த மணலில் அந்தப் பிடிப்பு கிடையாது. சர்க்கரை மூட்டையில் கால் வைத்த மாதிரி சரியும். அலை வந்து போகிற, தண்ணீர் ததும்பும் மணலோ இன்னும் மோசம். பார்க்கக் கெட்டியாக இருக்கும், வண்டி நின்றால் சக்கரத்தைச் சுற்றிக் கரைந்துகொண்டே போகும். மாட்டிய ஜீப்பை அலை தொட்டால் ஆட்டம் குளோஸ் என்று அந்த அண்ணன் அவசரப்பட்டது இதனால்தான்.

இந்தக் காற்று இறக்கும் வித்தையை வைத்து ஒருத்தர் யுத்தமே நடத்தியிருக்கிறார். ரால்ஃப் பாக்னால்ட் என்று ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. எகிப்தில் வேலை. 1920களின் கடைசியிலும் 30களின் தொடக்கத்திலும், லீவு கிடைத்தால் ஃபோர்டு காரை எடுத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குள் போய்விடுவார். ஒட்டகமே யோசிக்கும் இடங்கள். டயரில் காற்றைக் குறை, சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு போடு என்பதெல்லாம் அவர் கோஷ்டி பழகிப் பழகிக் கண்டது. அந்தத் தகடுகள் கெய்ரோவில் ஒரு காயலான் கடையில் கிடைத்தவை. முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளுக்குக் கூரை போடத் தயாரித்தவையாம். 1940-ல் போர் வந்ததும், எதிரி எதிர்பார்க்காத மணல்காட்டு வழியாகப் போய்த் தாக்கவும் வேவு பார்க்கவும் ஒரு படைப்பிரிவையே பாக்னால்ட் உருவாக்கினார். 1941-ல் காற்றடித்த மணலின் பௌதிகத்தைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். செவ்வாய்க் கிரகத்தில் கியூரியாசிட்டி ரோவர் 2015-ல் போய்ப் பார்த்த மணற்குன்றுகளுக்கு இவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

புதுக்குப்பத்துக்காரருக்கு பாக்னால்டைத் தெரியாது. தினமும் படகைக் கரையேற்றுகிற கைக்குத் தெரிந்திருந்தது. அவர் சொல்லச் சொல்ல நடந்ததை வரிசையாகத் தருகிறேன். கத்தரித்து வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: எல்லோரும் இறங்கவும். அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு இரண்டு பையன்கள் தூக்கிக்கொண்டு போய்க் கடலைப் பார்த்து உட்கார வைத்தார்கள். அவர் வந்த காரியம் அங்கேயே முடிந்தது!

இரண்டு: வண்டியின் வயிற்றுக்கு அடியில் இருக்கும் மணலைத் தோண்டி எடுக்கவும். எல்லோரும் சக்கரத்தை மட்டும் தோண்டுவார்கள். வயிறு தரையில் உட்கார்ந்திருக்கும் வரை சக்கரத்துக்குப் பாரம் வராது. பாரம் வராத சக்கரத்துக்குப் பிடிப்பும் வராது.

மூன்று: நாலு டயரிலும் காற்றைப் பாதியாக்கவும். ஒன்றில் மட்டும் இறக்கி ஏமாற்றக் கூடாது.

நான்கு: எந்தப் பக்கம் போகப் போகிறோமோ அந்தப் பக்கம் சக்கரத்துக்கு எதிரே சரிவாக வழி வெட்டவும். பெரும்பாலும் வந்த வழியே பின்னால் போவதுதான் நல்லது. அந்த மணல் ஏற்கெனவே ஒருமுறை அமுங்கியிருக்கும். ஸ்டீரிங் நேராக இருக்கட்டும். திருகி நிற்கும் சக்கரம் மணலை முட்டுமே தவிர ஏறாது.

ஐந்து: சக்கரத்தின் வாயில் ஏதாவது கொடுக்கவும். எங்களுக்குத் தென்னை மட்டை கிடைத்தது. பலகை, சாக்கு, கால்மிதி எதுவும் ஆகும். ஜாக்கி போடுவதென்றால் அதற்கு அடியிலும் பலகை வேண்டும், இல்லாவிட்டால் ஜாக்கியைத் தேட இன்னொரு குழி வெட்ட வேண்டியிருக்கும்.

ஆறு: ஃபோர் வீல் லோ கியரில் போட்டு, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஆக்ஸிலேட்டரைக் கொடுக்கவும். சக்கரம் சும்மா சுற்ற ஆரம்பித்த அந்த நிமிஷமே காலை எடுத்துவிட வேண்டும்.

ஏழு: கயிறு கட்டி இழுப்பதென்றால் கயிற்றுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. "அறுந்தா கழுத்துக்குத்தான் வரும்" என்று சொல்லி, வேடிக்கை பார்த்த சிறுவர்களை அவர் விரட்டியடித்தார். சிரிக்காதீர்கள். இழுவிசையில் விறைத்த கயிறும் கொக்கியும் அறுந்து உயிரே போயிருக்கிறது உலகத்தில்.

எங்களுக்குக் கயிறு தேவைப்படவில்லை. இரண்டு முறை முனகிவிட்டு மூன்றாவதில் வண்டி மட்டை மேல் ஏறிப் பின்வாங்கியது. நாற்பது நிமிஷம். அதில் முப்பத்தைந்து நிமிஷம் இன்ஜின் அணைந்திருந்தது. இதைக் கவனியுங்கள்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புதைந்த சக்கரம் புதிது இல்லை. கர்ண மோட்சம் கூத்து பார்த்து வளர்ந்த பூமி. போர் நடுவில் தேர்ச்சக்கரம் புதைய, வில்லை வைத்துவிட்டுக் கர்ணன் தானே இறங்கித் தூக்குவான். தேரோட்டி சல்லியன் இறங்க மாட்டான்! கூட வந்தவன் கைகொடுக்காததுதான் அங்கே நிஜமான சாபம் என்று எனக்குப் படும். பக்கத்து வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் தேரை அந்தக் காலத்தில் பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடித்திருக்கிறார். இப்போதும் துணைநிலை ஆளுநர் வந்து இழுப்பது வழக்கம். ஆனால் எந்தத் தேரும் வடத்தால் மட்டும் நகர்வதில்லை. பின்னால் உலுக்கு மரம் போட்டு நெம்புகிறவரும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுக்கிறவரும் இருக்கிறார்கள். அவர்கள் போட்டோவில் வர மாட்டார்கள்.

கைகொடுக்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. நாஸாவின் ஸ்பிரிட் ரோவர் 2004-ல் செவ்வாயில் இறங்கியது. மூன்று மாதம் ஓடினால் போதும் என்று அனுப்பியது, ஐந்து வருஷம் ஓடியது. 2009-ல் மேலே கெட்டி, கீழே மாவு என்றிருந்த மண்ணில் சக்கரம் புதைந்தது. விஞ்ஞானிகள் கலிஃபோர்னியாவில் ஒரு மண்தொட்டி அமைத்து, இன்னொரு ரோவரை அதில் வேண்டுமென்றே புதைத்து மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். பலிக்கவில்லை. 2010 மார்ச்சோடு அதன் பேச்சு நின்றது. அதன் இரட்டையான ஆப்பர்ச்சூனிட்டி 2005-ல் இதே மாதிரி மாட்டி, ஐந்து வாரத்துக்கு மேல் அங்குலம் அங்குலமாகப் போராடி வெளியே வந்தது. கோடிக்கணக்கான டாலர் வண்டிக்கும் மணலின் நியாயம் ஒன்றுதான்.

எங்கள் ஆளுக்கு நண்பர் ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். வாங்கிப் பையன்களிடம் கொடுத்தார். (வாங்க மறுப்பார் என்று எதிர்பார்த்தீர்களா? அதெல்லாம் சினிமாவில்.) ஆனால் எங்களைக் கிளம்ப விடவில்லை.

"சார், இந்தக் குழிய மூடிட்டுப் போங்க. டயர் தடத்தையும் தட்டி விட்டுடுங்க. ஆமை வர்ற மாசம்."

பங்குனி ஆமை என்று நம் கடலோரத்தில் சொல்வார்கள். இந்த மாதங்களில் ராத்திரி கரையேறி, அலை எட்டாத காய்ந்த மணலில் ஒன்றரை அடி ஆழம் குழி பறித்து, நூறு முட்டை வரை இட்டு மூடிவிட்டுப் போகும். அதாவது, நம் ஜீப்புகள் எந்த மணலில் மாட்டுமோ சரியாக அதே மணலில். ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகள் வெளியே வரும். தீப்பெட்டி சைஸ்தான் ஒவ்வொன்றும். வெளிச்சம் இருக்கும் திக்கில் கடலை நோக்கி ஓடும். வழியில் நம் டயர் தடம் குறுக்கே கிடந்தால்? நமக்கு அரை அடிப் பள்ளம்; அதற்குச் செங்குத்துச் சுவர். ஏற முடியாமல் தடத்தோடே ஓடி ஓடிக் களைக்கும். விடிந்தால் வெயிலும் காக்காயும்.

அதன் டயரில் இறக்கக் காற்று இல்லை. மட்டை கொண்டுவந்து போட ஆளும் இல்லை.

ஆகவே, ஈ.சி.ஆர். அன்பர்களே, வண்டி தோப்பு நிழலிலேயே நிற்கட்டும். நடக்க முடியாத அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் இரண்டு ஜோடி கையும் போதும். அதையும் மீறி இறங்கி மாட்டினால், காலை எடுங்கள், காற்றை இறக்குங்கள், வந்த வழியே வெளியே வாருங்கள். தார்ச்சாலை ஏறியதும் முதல் பெட்ரோல் பங்க்கில் காற்றை நிரப்பிக்கொள்ளுங்கள். சப்பை டயரோடு வேகமாகப் போனால் சூடேறி வெடிக்கும்.

அதற்கு முன்னால், குனிந்து அந்தத் தடத்தை மூடுங்கள். பத்து நிமிஷ வேலைதான்.