நில்லாமற் செலுத்தும் சுங்கம்

வழிச்செல்வோரை மறித்துப் பணம் வாங்குதல் மிகப் பழைய வழக்கம். பாலம் அமைத்தவனும், ஓடம் விட்டவனும், மலையைக் குடைந்தவனும் தாம் செய்த செலவை வழிப்போக்கரிடம் மீட்டுக்கொள்ள விரும்புவது இயல்பே. கொடுப்போருக்கும் அதிலே பெரிய மனத்தாங்கல் இல்லை. கொடுப்பதற்காகக் காத்து நிற்க வேண்டியிருப்பதே மனத்தாங்கல். இந்தக் காத்துநிற்றலை ஹொங்கொங் நகரத்தார் 2023 ஆம் ஆண்டிலே எவ்வாறு ஒழித்தனர் என்பதையும், அதனுடன் வேறு எவை எவை ஒழிந்தன என்பதையும், அந்நகரிலுள்ள நண்பரொருவரின் இல்லத்திற் சில நாள் தங்கியிருந்தபோது நாம் ஓரளவு அறிந்துகொண்டோம்.

ஹொங்கொங் தீவுக்கும் அதற்கு எதிரே கிடக்கும் கவுலூன் நிலப்பகுதிக்கும் நடுவே அமைந்துள்ளது துறைமுகம். மோட்டார் வண்டிகள் படகிலேறி அதனைக் கடந்த காலமும் உண்டு. 1972 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே கடலடியில் முதலாவது சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. ஏறத்தாழ 1.86 கிலோமீற்றர் நீளமுடைய அப்பாதையில் ஒவ்வொரு திசைக்கும் இரண்டு வரிசைகளே உண்டு. பின்னர் 1989 இற் கிழக்கேயும் 1997 இல் மேற்கேயும் மேலும் இரு பாதைகள் உண்டாயின. மூன்றும் ஒரே துறைமுகத்தைக் கடப்பனவே எனினும் சுங்கம் ஒன்றுபோல் இருக்கவில்லை. 2023 ஆம் ஆண்டின் முற்பகுதியிலும் சொந்தக் கார் ஒன்றுக்கு முதற் பாதையில் 20 டொலரும், கிழக்குப் பாதையில் 25 டொலரும், மேற்குப் பாதையில் 75 டொலரும் அறவிடப்பட்டன. மலிவான வழியையே மக்கள் நாடுவர் என்பதை விளக்கப் பொருளாதார நூல் எதுவும் வேண்டியதில்லை. நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் முதற் பாதையிலே நெருக்கியடித்துக்கொண்டு செல்ல, மேற்குப் பாதையோ அந்த அளவுக்கு நிறையாதிருந்தது.

சுங்கச் சாவடியின் அமைப்பையும் இங்கே சிறிது நோக்குதல் வேண்டும். ஒரு வாகனம் நின்று, சாரதி கண்ணாடியை இறக்கிப் பணம் கொடுத்து, மிச்சக் காசை வாங்கிப் புறப்படச் சில விநாடிகளேனும் செல்லும். பின்னால் வருவோர் ஒரே வரிசையில் நின்றாற் பொழுது விடிந்துவிடும். ஆகவே வீதியை விசிறிபோல விரித்துப் பல கூண்டுகளை அருகருகே வைப்பார்கள். பணம் கொடுத்தவர்கள் மறுபடியும் இரண்டு வரிசைகளுக்குள் ஒடுங்க வேண்டும். அந்த ஒடுக்கத்திலேதான் சண்டை. யார் முந்துவது, யார் விட்டுக்கொடுப்பது என்பதை ஊதுகுழலின் சத்தமே தீர்மானிக்கும். காசு கொடுக்கும் இடத்தில் இழந்த நேரத்திலும் கொடுத்த பின் இழந்த நேரமே அதிகமென்று நம் நண்பர் சொன்னார்.

புதிய முறையிலே கூண்டும் இல்லை, தடைக் கம்பும் இல்லை. வீதியின் குறுக்கே உயரத்தில் ஓர் இரும்புச் சட்டம் நிற்கின்றது. காரின் முன் கண்ணாடியில் ஒட்டப்பட்ட சிறு வில்லையை அதிலுள்ள கருவி வானொலி அலைகளால் வாசிக்கின்றது. புகைப்படக் கருவிகள் இலக்கத் தகட்டைப் படம் பிடிக்கின்றன. வண்டி தன் வேகத்திலேயே செல்ல, உடையவரின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகவே கழிகின்றது. வில்லை ஒட்டாதவரும் போகலாம். இலக்கத் தகட்டைக்கொண்டு கணக்கெழுதப்படும். அவர் 14 வேலை நாட்களுக்குள் தாமாகவே பணத்தைச் செலுத்திவிட வேண்டும். தவறினால் 175 டொலர் மேலதிகமாகக் கட்ட நேரிடும்; பின்னரும் அசட்டையாயிருந்தால் இன்னும் 350 டொலர் அதன்மேல் ஏறும். 1967 இல் திறக்கப்பட்ட சிங்கப் பாறைச் சுரங்கத்தில் மே மாதத்திலும், முதலாவது கடலடிப் பாதையில் யூலை மாதத்திலும் இம்முறை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அரசாங்கத்தின் சுரங்கங்களிற் சுங்கக் கூண்டுகளின் வேலை முடிந்தது.

மணிக்கூட்டைப் பார்த்துச் சுங்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் இதனால் வசதி பிறந்தது. 2023 டிசம்பர் 17 முதல், வேலை நாட்களிற் காலையும் மாலையும் நெருக்கடி வேளையிலே மேற்குப் பாதையிற் செல்லும் காருக்கு 60 டொலர், மற்ற இரண்டிலும் 40 டொலர், நடுப்பகலில் மூன்றிலும் 30, இரவிலே 20. ஒரு கட்டணத்திலிருந்து மற்றதற்கு மாறும் வேளையில் இரண்டு நிமிடத்துக்கு இரண்டு டொலராகப் படிப்படியாக ஏறி இறங்குகின்றது. அந்த இரண்டு டொலருக்காக வீதியோரத்தில் வண்டியை நிறுத்திக் காத்திருப்போரும் இருக்கக்கூடும். மனித இயல்பு அத்தகையது. இதனால் நெரிசல் அறவே ஒழிந்ததென்று நினைத்தல் தகாது. கடலடியில் இருப்பவை இன்றும் அதே இரண்டு வரிசைகள்தாம்.

நண்பரின் அடுத்த வீட்டிலே ஒரு சீன மாது வசிக்கின்றார். பதினேழு வருட காலம் சுங்கக் கூண்டொன்றிற் பணம் வாங்கியவர். நண்பர் மொழிபெயர்க்க அவரோடு உரையாடினோம். கையுறையும் முகமூடியும் அணிந்து, எட்டு மணி நேரம் புகையின் நடுவே, சன்னலுக்கு வெளியே கையை நீட்டியபடி இருத்தலே அவருடைய உத்தியோகம். மழை நாளிலே முழங்கை வரை நனையும். முகங்களை அவர் அதிகம் பார்த்ததில்லையாம், கைகளையே பார்த்தாராம். நடுங்கும் கை, எண்ணெய் படிந்த கை, சில்லறையை முன்னரே எண்ணி வைத்திருக்கும் கை. கூண்டு மூடப்பட்டபின் ஒரு பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையிற் சேர்ந்திருக்கின்றார். “இருமல் நின்றது, சம்பளமும் குறைந்தது,” என்றார். இவ்விரண்டில் எது பெரிதென்று நாம் கேட்கவில்லை. பிள்ளையின் கல்லூரிச் செலவு இன்னும் இரண்டு வருடத்துக்கு உண்டென்பதை அவரே சொன்னார்.

புகை சூழ்ந்த கூண்டுக்குள் ஒரு மனிதப் பிறவியை இருத்தி வைக்கும் தொழில் நிலைத்திருக்க வேண்டுமென்று வாதாட நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் வேகத்தினால் வரும் இலாபம் ஊராருக்கெல்லாம் பங்காகும்போது, நட்டம் மட்டும் ஒரு சிலரின் அடுப்பங்கரையிலே போய்ச் சேர்வது நியாயமன்று. மற்றுமொன்று: காசு வாங்கிய கை எவருடைய பெயரையும் கேட்டதில்லை. இரும்புச் சட்டமோ எந்த வண்டி எந்த நேரத்திற் கடந்தது என்பதை எழுதி வைக்கின்றது. அக்குறிப்பை யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பவற்றில் எந்த நாட்டவரும் கண்ணாயிருத்தல் வேண்டும்.

ஒரு மாலை, தெருமுனையிலுள்ள சிறு கடைக்குப் பால் வாங்கச் சென்றோம். முன்னே நின்ற வயோதிபர், லொறிச் சாரதி போலும், தம் வண்டியின் இலக்கத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வந்திருந்தார். கடைப் பையன் அதனைக் கருவியிற் பதிந்து தொகையைச் சொல்ல, அவர் மடியிலிருந்த நோட்டுக்களை மெல்ல எடுத்து எண்ணினார். எமக்குப் பின்னால் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது.